இரைச்சலை விட்டு வைத்த பெட்டி

கண்ணு, அத்தாவுக்குப் பயமே கிடையாதா என்று போன வாரம் உன் தம்பி என்னைக் கேட்டான். கரண்டுக் கம்பியை நான் துணிந்து தொடுகிறேனாம். மெயினை அணைத்துவிட்டுத் தொடுகிறவனுக்கு என்ன பயம்? ஆனால் ஒரு காலத்தில் கண் விழித்ததிலிருந்து நான் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். பல் விளக்கும்போது பயம், சோற்றில் கை வைத்தால் பயம், கடையில் யாராவது சிரித்தால்கூடப் பயம். அதை என் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கடை. கீழே கடை, மேலே வீடு. கேசட் காலம். மலைக்கு ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயர் செய்து மாட்டிக் கொடுப்பதுதான் வேலை. டேப்பிலிருந்து வருவது ரொம்பச் சின்ன மின்சாரம். அது ஸ்பீக்கரை அசைக்காது. அதைப் பெரிதாக்கித் தள்ளுவதற்கு ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. ஐசி என்போம். கால் முளைத்த பூச்சி மாதிரி இருக்கும். எந்த வேலைக்கு எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்வதில்தான் பாதித் தொழில் இருக்கிறது. ஜீப்புக்கு 4440. பதினான்கு கால், முதுகில் அலுமினியத் தகடு கட்டினால்தான் சூடு தாங்கும். பாட்டு மலை வளைவில் எதிரொலிக்கும்.

எங்கள் பக்கத்தில் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம். பாட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால், கேசட் இல்லாமல் வால்யூமை முழுக்கத் திருகி ஸ்பீக்கரில் காதை வைப்பார்கள். ‘ஸ்ஸ்’ என்று இரைந்தால் பெட்டியை என் பக்கமே தள்ளிவிடுவார்கள். அதனால் இரைச்சலை ஒழிப்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. பொட்டுக்கடலை அளவில் ஒரு கண்டன்சர் உண்டு. 104 என்று மேலே போட்டிருக்கும். சத்தம் உள்ளே நுழையும் இடத்தில் குறுக்கே அதைப் போட்டால் இரைச்சலைத் தின்றுவிடும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த ஜீப்காரர்களுக்கே அது தெரிந்துபோனது. முக்கியமாக உங்கள் மாமாவுக்கு. அம்மாவின் அண்ணன். தினம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர், ட்ரிப் இல்லாத நேரமெல்லாம் என் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் மூத்தவள் பிறந்தாள். அது நீதான், கண்ணு. அவசரப்பட்டு மாசம் நிறைவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாய். தேனியில் ஆபரேஷன். உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும்தான் உன் நீளம். ஒரு வழியாக, வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று சொன்னார்கள். கிளம்பும்போது நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இந்தா பாருங்க பாய், மாசம் பத்தாத புள்ள. தூங்கிக்கிட்டு இருக்கப்பவே மூச்சு விட மறந்துரும்.”

“மறந்துரும்னா?”

“நின்னுரும். பயந்துராதீக. உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுனா ஞாபகம் வந்து இழுத்துரும். எடை ஏறுற வரைக்கும் ஒரு ஆளு பாத்துக்கிட்டே இருக்கணும். தூளியில போடாதீக, பாயில மட்டமாப் போடுங்க.”

பயந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்ன இடத்திலிருந்துதான் என் பயம் ஆரம்பித்தது. தேனியிலிருந்து கம்பம் வரும் வரை உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தேன். உத்தமபாளையத்தில் பஸ் குலுங்கி நின்றபோது விரல் விலகிவிட்டது. திரும்ப வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நடுவில் இருந்த அந்த நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ராத்திரி நானும் அம்மாவும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். பகலில்தான் சிக்கல். நான் கடைக்கு இறங்கியாக வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் வலி, மாத்திரை போட்டால் கண் சொக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் தொடையைக் கிள்ளிக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏங்க, நான் அசந்துட்டேன்னா?” என்று கேட்டாள்.

“அசர மாட்ட.”

“அசந்துட்டேன்னா?”

எனக்குத் தெரிந்தது சத்தத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான். உன் மூச்சைப் பெரிதாக்கிக் கீழே கடைக்குக் கொண்டு வந்துவிட்டால் அம்மா அசந்தாலும் என் காது அசராது. அன்றைக்கே உட்கார்ந்தேன்.

முதலில் கையில் இருந்த 4440-ஐத்தான் போட்டேன். டேப்பில் இருக்கும் சின்ன மைக் ஒன்றைக் கழற்றி, உனக்கு மேலே கவிழ்த்திருக்கும் கொசுவலைக் குடையின் கம்பியில் தொங்கவிட்டேன். உன் மூக்குக்கு மேலே விரல் நீளத்தில் மைக். கீழே வந்து சுவிட்சைப் போட்டேன். ‘டொம்’ என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். வீட்டுக் கரண்டில் ஓடும் பெட்டிக்கு அந்த முனகல் இருக்கும். பாட்டு ஓடினால் அமுங்கிவிடும். உன் மூச்சுக்கு முன்னால் அது மாட்டு வண்டி ஓடுகிற மாதிரி இருந்தது. அதோடு எங்கள் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு போனால் பெட்டி ஊமை. அந்தப் பூச்சி இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்து 386. எட்டுக் கால்தான். சதுர பேட்டரியில் ஓடும், முனகல் கிடையாது. உன் மூச்சு கேட்டது. ‘ஃப்... ஃப்...’ என்று, யாரோ தூரத்தில் உமி ஊதுகிற மாதிரி. நான் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலமே மூச்சு கரகரவென்று ஆனது, தேய்ந்தது, நின்றுபோனது. நான் படியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடினால், நீ கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாய். நின்றது பேட்டரி. அந்த ஐசி நாலு வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. பேட்டரி இறங்க இறங்க அதுவும் கூடவே செத்துவிடும்.

அன்று நான் கண்டுகொண்டது இதுதான். பெட்டி ஊமையானாலும் அமைதி, உன் மூச்சு நின்றாலும் அமைதி. இரண்டு அமைதியும் ஒன்று போலவே இருந்தன.

பையில் வைக்கும் டேப்பில் 2822 என்று ஒரு பூச்சி இருக்கும். அதற்கும் எட்டு கால்தான். ஆனால் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போனால்கூட விடாமல் பாடும். இரண்டு பென்சில் செல் போதும். செல் சாகப்போகிறது என்றால் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து முன்கூட்டியே எச்சரிக்கும். உடைந்த டேப் ஒன்றிலிருந்து அதைக் கழற்றினேன். முன்னால் ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்தேன். சோப்பு டப்பாவுக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன். போட்டதும் கேட்டது மூச்சு இல்லை. ரேடியோவில் பெண் ஒருத்தி விவசாயிகளுக்குத் திராட்சைக் கொடிக்கு மருந்து அடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து வந்த நீளமான ஒயர் ஏரியல் மாதிரி ரேடியோவைப் பிடித்துவிட்டது.

மாமா ஸ்டூலிலிருந்து விழாத குறை. “ஏலே மாப்ள, எம் மருமக பொறந்த ஒடனே வேளாண்மை ஆபீசரு ஆயிட்டா பாத்தியா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரமெல்லாம் உன் மூச்சை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான். அந்த ஒயரை எடுத்துவிட்டு, மேலே செம்புக் கம்பி வலை சுற்றிய மைக் ஒயரைப் போட்டதும் அந்தப் பெண் போய்விட்டாள். இன்னொரு கோளாறும் இருந்தது. ஐசியைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. சும்மா இருக்கும் ஐசி சுடக் கூடாது. காதுக்கு எட்டாத உச்சத்தில் அது தனக்குத் தானே கத்திக்கொண்டு செல்லைத் தின்கிறது என்று அர்த்தம். வெளியே போகும் காலில் ஒரு சின்ன ரெசிஸ்டரும் கண்டன்சரும் போட்டேன். குளிர்ந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது இரைச்சல். அந்தச் சின்ன மைக்குக்கென்று ஒரு ‘ஸ்ஸ்’ உண்டு. அவ்வளவு பெரிதாக்கினால் அதுவும் பெரிதாகத்தான் செய்யும். கை தானாக 104 டப்பாவுக்குப் போனது. எடுத்து வைத்தும் பார்த்தேன். இரைச்சல் அமுங்கியது. கூடவே உன் மூச்சும் அமுங்கியது. அப்போதுதான் புரிந்தது, மூச்சும் இரைச்சலும் ஒரே ஜாதிச் சத்தம். இரண்டும் காற்றுச் சத்தம். ஒன்றைக் கொன்றால் இன்னொன்றும் சாகும். கண்டன்சரை எடுத்துவிட்டேன். அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருந்தது. ‘ஸ்ஸ்’ கேட்கிற வரைக்கும் பெட்டி உயிரோடு இருக்கிறது. அதற்கு நடுவில் ‘ஃப்’ கேட்டால் நீ உயிரோடு இருக்கிறாய். இரண்டு அமைதியையும் இப்போது என்னால் பிரித்துவிட முடியும். வால்யூம் திருகு வைக்கவில்லை. யாராவது குறைத்துவிடுவார்கள் என்ற பயம்.

அதிலிருந்து கடையில் எந்நேரமும் இரைச்சல். வந்தவர்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். “என்ன பாய், அடுப்புல குக்கர் வெச்சிருக்கீகளா?” என்று கேட்டார் எதிர்க்கடை வாழைமண்டிக்காரர். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிடுவேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் நீண்டுவிட்டால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு தடவை அப்படி ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு முன்னாலேயே உன் காலைச் சுண்டி முடித்திருந்தாள். “கேட்டுருச்சா?” என்று மட்டும் கேட்பாள்.

ஒரு நாள் மத்தியானம் ஸ்டாண்டில் ஒரு ஜீப்புக்குள் ஸ்பீக்கர் அறுந்து தொங்குகிறது, டிரைவர் மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆள் வந்தது. மாமா ஸ்டூலில் இருந்தார்.

“போயிட்டு வா மாப்ள, அதான் நான் இங்கன இருக்கேன்ல. புள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடணும். எனக்குத் தெரியாதா?”

போனேன். ஒயரை ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். சந்து முனையிலிருந்தே இரைச்சலைத் தேடிக்கொண்டு வருவது என் பழக்கம். அன்று இரைச்சல் இல்லை. வாழைமண்டியில் ஒருவர் நார் கிழிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. என் கடையிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

மாமா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பெருமை.

“எப்புடி மாப்ள? காதுக்கு எம்புட்டு இதமா இருக்கு!”

“என்ன செஞ்சீக மச்சான்?”

“என்ன செஞ்சீகளா? நீ என் ஜீப்புக்குச் செய்யுறதத்தான் செஞ்சேன். உள்ள ஒரு பொட்டுக்கடலக் கண்டன்சர முறுக்கி வெச்சேன். தொழில் தெரிஞ்சவன் வீட்டுப் பெட்டி இப்புடி இரையலாமா? ஊரே சிரிக்குதுல்ல. புள்ள அழுதா இனி நல்லாக் கேக்கும்.”

சோப்பு டப்பாவின் மூடி திறந்திருந்தது. மைக் ஒயர் வந்து சேரும் இடத்தில் குறுக்கே 104. நான் அதைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. படி ஏறியது எனக்கு ஞாபகம் இல்லை. கதவு ஞாபகம் இருக்கிறது.

அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கை தொடை மேலேயே இருந்தது, கிள்ளுகிற விரலோடு. கொசுவலைக்குள் நீ மல்லாந்து படுத்திருந்தாய். உன் உதட்டைச் சுற்றிச் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. நெஞ்சு அசையவில்லை. குடையைத் தூக்கி எறிந்தேன். உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினேன். என் விரல் நகம் பட்டு உன் பாதம் சிவந்தது, முகம் அப்படியே இருந்தது. யா அல்லா என்று கூப்பிட்டேனா, உன்னைக் கூப்பிட்டேனா தெரியாது. கையில் எடுத்து முதுகைத் தேய்த்தேன். சட்டையில் இலவம்பஞ்சு ஒட்டினால் உதறுவோமே, அவ்வளவுகூட எடை இல்லை. தேய்த்தேன், தேய்த்தேன்.

உன் வயிறு உள்ளே குழிந்தது. ஒரு இழுப்பு. பிறகு எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு கீச்சு. பிறகு அழுகை.

அம்மா விழித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், குடை கிடந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள், கொடுத்தேன். குடைக் கம்பியிலிருந்து மைக்கை அவிழ்த்து அவள் தோளில், உன் மூக்குக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

கீழேயிருந்து மாமாவின் குரல் சந்தோஷமாக வந்தது. “கேட்டியா மாப்ள! அழுகுறது கண்ணாடி கணக்கா கேக்குது! இரைச்சல் பேருக்குக்கூட இல்ல!”

அவர் சொன்னது சரிதான். அழுகை பெரிய சத்தம். எந்தக் கண்டன்சரையும் தாண்டி வந்துவிடும். மூச்சால்தான் அதைத் தாண்ட முடியாது.

நான் கீழே இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்த்து அவர் எழுந்துவிட்டார். கண்டன்சரைப் பிடுங்கினேன். ‘ஸ்ஸ்’ என்று கடை நிறைந்தது. நடுவில் ‘ஃப்... ஃப்...’ என்று, அழுகை ஓய்ந்து விம்முகிற மூச்சு. மறுபடி கண்டன்சரை வைத்தேன். இரண்டும் போனது. எடுத்தேன். வந்தது. திட்ட வேண்டும் என்று இறங்கி வந்தவன்தான், இதைத்தான் செய்தேன்.

மாமா பெட்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

“நின்னுருச்சா?”

“ம்.”

“நான் இங்கன உக்காந்துக்கிட்டு இருக்கப்பவா?”

“இப்பம் சரியாயிருச்சு மச்சான்.”

அவர் ஸ்டூலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். அன்று சாயங்கால ட்ரிப்புக்கு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். இன்னைக்கு மலைக்கு வரல, வேற வண்டி பாருங்க என்று அனுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து கடைக்கு யாராவது வந்து காதைப் பொத்தினால் எனக்கு முன்னால் அவர்தான் பாய்வார். “இரைஞ்சா ஒனக்கு என்னய்யா? காது வலிச்சா பஞ்சு வெச்சுக்கிட்டு வா. இது எம் மருமக மூச்சு விடுற சத்தம்.”

அதற்குப் பிறகு என் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. முன்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் பயந்தேன். இப்போது அந்தச் சாம்பல் நிறம் எப்படி இருக்கும் என்று தெரிந்து பயந்தேன். பெட்டியை விட்டு ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தினேன். பழுது என்றால் ஜீப்பைச் சந்துக்குள் பின்னால் ஓட்டி வரச் சொன்னேன். தொழுகைக்கு மாமா முதலில் போய்விட்டு வருவார், அவர் காவலுக்கு உட்கார்ந்த பிறகு நான் போவேன். மாடியில் அம்மா தனியாக இருக்கும்போது பக்கத்து வீட்டுச் சேச்சி வந்து உட்கார்ந்துகொண்டார். குமுளிப் பக்கத்திலிருந்து வாழ வந்த மலையாளத்துக்காரர். அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு உன் பாய் பக்கத்தில் அவர் விழித்திருப்பார்.

நீ எடை ஏறினாய். கன்னம் வந்தது. மூச்சு நிற்பது குறைந்து, பிறகு இல்லாமலேயே போனது. தேனிக்கு மறுபடி கொண்டு போனோம். டாக்டர் காதில் குழாய் மாட்டி ரொம்ப நேரம் கேட்டார். “இனிமே பயம் இல்ல. சாதாரணப் புள்ளைங்க மாதிரி வளங்க. காவல் எல்லாம் வேணாம்,” என்று சொன்னார். நான் சோப்பு டப்பா விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “அதையும் அணைச்சிருங்க. புள்ளைக்கு இல்ல, உங்களுக்குத்தான் அது நோயாயிரும்,” என்றார்.

அணைக்கச் சொல்வது அவருக்கு எளிது. வீட்டுக்கு வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். செல்லைக் கழற்ற வேண்டும். விரலை வைத்தேன், எடுத்தேன். டாக்டர் பார்த்தபோது நீ விழித்திருந்தாய், தூங்கும்போது யார் பார்த்தார்கள் என்று மனசு வாதாடியது. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்றாள்.

“அணைங்க.”

“நாளைக்கு அணைக்கிறேனே.”

“நாளைக்கும் இதத்தான் சொல்லுவீக.” குனிந்து அவளே இரண்டு செல்லையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். கடை அமைதியானது. செல்லை முடிந்த அவள் கை முடிச்சை விடவே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் மாடிக்கு ஓடியது என்று சொல்ல மாட்டேன்.

நீ பாயில் குப்புறப் புரள முயற்சி செய்து பாதியில் தூங்கிப்போயிருந்தாய். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. மைக்கும் இல்லை, ஐசியும் இல்லை. மண்டி போட்டுக் குனிந்து என் காதை உன் மூக்குக்குக் கிட்டே கொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கிட்டே போனேன்.

நீ தும்மினாய். காது முழுக்க ஈரம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் காதைத் துடைக்கவே இல்லை.